கூரைக்குக் கேட்காத இடம்

தட்டைக் கழுவியிருக்கிறார். அதுதான் சுலோச்சனாவுக்குப் பொறுக்கவில்லை. சோற்றுப் பையை வைக்கக் காரின் டிக்கியைத் திறந்தபோது, பழைய செய்தித்தாளில் சுற்றி ஓரமாகச் செருகியிருந்தது வீட்டு நாய் பூச்சியின் அலுமினியத் தட்டு, பக்கத்திலேயே பூச்சி படுக்கிற சாக்கு, அதையும் மடித்துச் சணல் போட்டுக் கட்டியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து தின்ற தட்டில் கையைக் கழுவிவிட்டு அப்படியே எழுந்து போகிற மனுஷன், காப்பி டம்ளரை வைத்த இடத்தில் ஈ மொய்த்தாலும் நகர்த்தாத மனுஷன், ஒரு கிழட்டு நாயின் தட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறார். எப்போது செய்தார், விடியற்காலையில் அவள் குளிக்கப் போன நேரத்திலா? எதையோ மறந்த மாதிரி திரும்ப வீட்டுக்குள் போய்ப் பார்த்தாள், இன்னொரு நாய் பிரௌனியின் தட்டு சமையல்கட்டு வாசலில் இருந்த இடத்திலேயே இருந்தது, ராத்திரிச் சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டிக்கொண்டு. இரண்டு நாய்களைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், ஒரு நாயின் தட்டுதான் கூட வருகிறது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பா வேண்டும்? அங்கேயே தட்டைத் தூக்கிக் காட்டி இது என்னங்க என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அவர், அட, தண்ணி வெக்கறதுக்குத்தான் என்று முகத்தைப் பார்த்தே பொய் சொல்லியிருப்பார். அதற்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பானேன் என்றுதான் டிக்கியைச் சாத்திவிட்டுப் பின்சீட்டில் ஏறி, பூச்சியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

இப்போது கார் வடவள்ளியைத் தாண்டித் தொண்டாமுத்தூர் ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறது. முன்னால் நாச்சிமுத்து ஓட்டுகிறார், அவள் வீட்டுக்காரர், பின்கழுத்தில் பவுடர், புதுச் சட்டை. அவர் பக்கத்தில் மகன் தரணீஷ், தலையைத் தூக்காமல் போனில். அவளுக்கு இந்தப் பக்கம் பிரௌனி, ஜாதி நாய், ஜன்னலுக்கு வெளியே நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு உலகத்திலேயே இதுதான் நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. நினைக்கட்டும், அதன் தட்டு வீட்டில் பத்திரமாக இருக்கிறது. சும்மா ஒரு நாள் எல்லாருமாப் போலாம் சுலோ, நாயிகளையும் ஏத்திக்கலாம், நரசீபுரத்துப் பக்கம் ஓடையில இப்பத் தண்ணி போகுதாமா, என்று காலையில் வந்து நின்றார். உளுந்து ஊறிக்கொண்டிருந்தது. கிரைண்டரைக் கழுவி வைத்திருந்தாள். சும்மா! சும்மா என்று இந்த வீட்டில் ஆரம்பித்த எதுவும் சும்மா முடிந்ததில்லை. அதுவும் திடீரென்று கிளம்புவது அவர்களுக்குத்தான் திடீர், ஒருத்தர் சட்டையை மாட்டினால் முடிந்தது, ஒருத்தன் சார்ஜரைத் தேடினால் முடிந்தது. அவளுக்குத் திடீரென்று எலுமிச்சைப்பழ சாதம், திடீரென்று உருளைக்கிழங்கு வறுவல், திடீரென்று தயிர், தண்ணீர், பாய், பேப்பர் தட்டு. இரண்டு கையால் இத்தனையும் செய்து முடித்துவிட்டு டிக்கியைத் திறந்தால் அங்கே அந்தத் தட்டு.

நாயைப் போய் ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போகிற ஆளா இவர்? பூச்சி இந்த வீட்டுக்கு வந்த நாளாக அதன் சங்கிலியை அவர் கையில் பிடித்து அவள் பார்த்ததில்லை. இவருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதை வீட்டில் சொல்ல முடியாது, அதுதான் விஷயம். அவர்கள் குடும்பத்துப் பழக்கம் அது. கெட்ட சங்கதி எதையும் கூரைக்கடியில் பேசக்கூடாது. கூரை கேட்டுக்கும் என்பார்கள், கேட்டு வைத்துக்கொண்டு ஒருநாள் திருப்பித் தரும் என்பார்கள். அவருடைய சித்தப்பா ஒருத்தர் சோறு தின்றுகொண்டிருக்கும்போது கோபத்தில் நான் செத்துத் தொலைகிறேன் என்றாராம், அந்த ஆடி முடிவதற்குள் போய்ச் சேர்ந்தாராம். அதிலிருந்து எதுவென்றாலும் வெளியில்தான். காடு, களத்துமேடு, கோயில் மதில், ஆறு. காரிலும் கூடாது, காருக்கும் கூரை இருக்கிறது, எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூசை போட்டு வாங்கிய கார், அதுவும் வீட்டில் சேர்த்திதான். படித்த மனுஷன், மோட்டார் கடை வைத்து நடத்துகிற மனுஷன், ஊர் நியாயமெல்லாம் பேசுகிறவர், இதில் மட்டும் குழந்தைப்பிள்ளை மாதிரி. கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம் பேரூர் படித்துறைக்குக் கூட்டிப் போனார், வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு போனபோது அவளுக்கு எத்தனை சந்தோஷம், பூக்கூட வாங்கிக் கொடுத்தார், படித்துறையில் உட்கார வைத்து, இனிமேல் நீ பள்ளிக்கூட வேலைக்குப் போக வேண்டாம் சுலோ, எங்க வீட்டுல யாரும் போனதில்ல என்றார். அவள் டிராயிங் டீச்சராக இருந்தாள். பிள்ளைகள் வரைந்த மயில் எல்லாம் திருத்தாமல் அவள் பையில் இருந்தன. அந்தப் பூவின் வாசனை இப்போதும் எங்கேயாவது வந்தால் அவளுக்குக் குமட்டும்.

பேரூராவது போகட்டும். ஆழியாறு? ஆழியாற்றை எங்கே கொண்டு வைப்பது? அவளுடைய அப்பா ஆனைமலையில் இருந்தார், தனியாக. ஒருநாள் காலையில் இதே மாதிரி, கிளம்பு சுலோ, ஆழியாறு டேமுக்குப் போயிட்டு அப்படியே உங்கப்பாவையும் பாத்துட்டு வரலாம். பாத்துட்டு வரலாம்! அவள் அவசர அவசரமாகப் புளிசோறு கட்டினாள். அப்பாவுக்குப் பிடிக்குமே என்று தூக்குப்போசியில் தனியாகக் கொஞ்சம், முறுக்குக் கொஞ்சம். தரணீஷுக்கு அப்போது பால்பல் விழுகிற வயது. அணையோரம் பூங்காவில் பாயை விரித்துச் சாப்பிட்டார்கள், நல்லாச் சாப்பிடு, இன்னும் கொஞ்சம் போட்டுக்க என்று அவரே அள்ளி வைத்தார், அவரே! அவள் வெட்கப்பட்டுக்கொண்டு சாப்பிட்டாள், விரலைச் சூப்பிக்கூடச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்ததும் சொன்னார். விடியற்காலையிலேயே போன் வந்துவிட்டதாம். அவள் வயிறு நிறையப் புளிசோறு இருக்க, அங்கே அப்பாவைக் குளிப்பாட்டி உட்கார வைத்திருந்தார்கள். முன்னாடியே சொல்லியிருந்தா நீ சாப்பிட்டிருக்க மாட்டியே, அதுக்குத்தான் என்றார். அன்பாகச் சொன்னார். அதுதான் கொடுமை, அடித்திருந்தால்கூடத் திருப்பி அடித்திருக்கலாம், அன்பாகச் செய்ததற்கு எங்கே போய் நியாயம் கேட்பது, யாரிடம் சொன்னாலும் பாவம், நல்ல மனுஷன் உனக்காகத்தான் என்கிறார்கள். அழுகையோடு புளிப்பு நெஞ்சுக்கு ஏறி வந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அதற்கப்புறம் வெளியே போவதற்குப் புளிசோறு கட்டுவதையும் விட்டுவிட்டாள்.

ஒரே ஒரு தடவை அவர் எதுவும் சொல்லவில்லை. ஊட்டி. பூ பார்த்தார்கள், படகில் போனார்கள், ஒவ்வொரு இடத்திலும் இங்கேயா, இங்கேயா என்று அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். படகில் அவர் தொண்டையைக் கனைத்தார், அவளுக்கு உயிர் போய் வந்தது, கடைசியில் குளிருதா என்று கேட்டார். இரண்டு நாளும் எதுவும் சொல்லாமலே கூட்டிவந்து வீட்டில் இறக்கிவிட்டார். சும்மாவேதான் கூட்டிப் போயிருக்கிறார். ஊட்டிக்குப் போய் ஊட்டியைப் பார்க்காமல் வந்த பெண்பிள்ளை உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அதற்கும் அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, இன்றைக்கும் வருகிறது.

"அம்மா, ஜன்னல ஏத்துங்கம்மா, ஏசி போடலாம்" என்றான் தரணீஷ்.

"பூச்சிக்குக் காத்து வேணும்."

"நாத்தம் அடிக்குதும்மா."

அடிக்கும். நாய்க்கு நாய் நாற்றம்தான் அடிக்கும். உனக்கு அடிக்காத நாற்றமா? பள்ளிக்கூடப் பையில் புத்தகத்தை வெளியே எடுத்துத் தூக்கிக்கொண்டு, பைக்குள் இதைப் போட்டுக்கொண்டு மழையில் நனைந்து வந்தவன் இவன்தான். உள்ளங்கை அகலம்கூட இருக்காது, சாக்கடை நாற்றம், கண் திறந்தும் திறக்காமல். ஒரு பூச்சி அளவுக்கு இருக்குதேடா என்று அவள் சொன்னதுதான் பேராக நின்றது. அப்பா இதை வெளியே போடச் சொன்னால் நான் சாப்பிட மாட்டேன் என்று அழுதவன், சட்டைக்குள் வைத்துக்கொண்டு தூங்கியவன். இன்றைக்கு அவனுக்குப் பெண் நிச்சயமாகிவிட்டது, வருகிற வாரம் பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள், கூடத்துக்குப் புது டைல்ஸ் ஒட்டி, மேலே அட்டைக் கூரை அடித்து அதற்குள் விளக்கெல்லாம் பதித்தாயிற்று. பூச்சிக்குக் கண்ணில் பாதி போய்விட்டது, அடக்க முடியவில்லை, நின்ற இடத்தில் மூத்திரம் போய்விடுகிறது, போவது அதற்கே தெரிவதில்லை. அந்தப் பெண்ணின் அம்மா ஏதாவது சொல்லியிருப்பாள். இல்லை, சொல்லியிருக்க மாட்டாள், இவர்களே சொல்வாள் என்று பயந்திருப்பார்கள். பிரௌனி இருக்கலாம், பிரௌனியைக் கட்டிக்கொண்டு அந்தப் பெண் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறாளாம், அது காட்டக்கூடிய நாய். முந்தாநாள் அப்பனும் மகனும் மாடியில் ஏதோ குசுகுசு என்று பேசிக்கொண்டிருந்தார்கள், அவள் துணி எடுக்கப் போனதும் வாயை மூடிக்கொண்டார்கள். மொட்டை மாடி! அங்கேயும் கூரை இல்லை, இப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது.

தொண்டாமுத்தூர் கடைவீதியில் கார் நின்று நின்று போனது. தொடை மேல் சூடாக ஏதோ பரவியது. முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது, பூச்சி மூத்திரம் போய்விட்டது, சேலை வழியாகப் பாவாடை வரைக்கும் இறங்கியது. பூச்சி தலையைத் தூக்கி, தெரிகிற ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது, பிறகு மறுபடியும் தாடையை அவள் முழங்கால் மேல் வைத்துக்கொண்டது. சொன்னால் ஐயோ சீட்டு என்பார்கள், ரெண்டு பேரும். முந்தானையை இழுத்து மேலே போட்டு மூடிக்கொண்டாள், ஈரம் ஆறிக் குளிர்ந்தது, குளிரட்டும். அவளுக்கும்தான் போகிறது. இருமினால் போகிறது, தும்மினால் போகிறது, மாடிப்படி ஏறும்போது ஒருநாள் போய்விட்டது, பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு தானே அலசிப் போட்டாள், இந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன செய்வார்கள்? அவள் தட்டையும் ஒருநாள் விடியற்காலையில் எழுந்து கழுவி வைப்பார்களாயிருக்கும். கிளம்பு சுலோ, சும்மா ஒரு நாள், எல்லாருமாப் போலாம் என்பார்கள். நினைத்ததும் சிரிப்பு வந்தது, சிரிப்போடு ஒரு பயமும் வந்தது, அவள் பூச்சியின் கழுத்துப் பட்டையை இறுக்கிப் பிடித்தாள். யாரிடம் விடப்போகிறார்கள்? நரசீபுரம் என்றால் ராசு தோட்டம்தான், கடைக்கு மோட்டார் ரிப்பேருக்குத் தூக்கிவருகிற ராசு. காத்தோட்டமா இருக்கும் சுலோ, தோப்பும் தொரவுமா, நம்ம வீட்டைவிட நல்லா இருக்கும் என்று சொல்லப் போகிறார், அவளுக்கு இப்போதே காதில் கேட்கிறது. ராசு தோட்டத்தில் ஏற்கனவே மூன்று நாய்கள், காட்டுப்பன்றியை விரட்டுகிற நாய்கள். கண் தெரியாத கிழட்டு நாயை அவை ஒரு ராத்திரி வைத்திருக்குமா? இது வாழ்நாளில் ஒரு பூனையைக்கூடக் குரைத்து விரட்டியதில்லை, சோபாவுக்கடியில் படுத்தே காலம் கழித்தது. இது அங்கே ராத்திரி வழி தெரியாமல் பாக்கு மரத்தில் முட்டிக்கொண்டு, சுலோச்சனாவின் சேலை வாசனையைத் தேடிக்கொண்டு சுற்றும். போதும், இதற்குமேல் நினைத்தால் இங்கேயே கத்திவிடுவாள்.

கார் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே மண்பாதையில் இறங்கி ஓடைக்கரையில் நின்றது. தண்ணீர் முழங்கால் அளவுக்குத் தெளிவாகப் போய்க்கொண்டிருந்தது. நல்ல இடம்தான், மருதமர நிழல், மலை பக்கத்திலேயே நீலமாக இருந்தது, வேறொரு நாளாக இருந்திருந்தால் அவளும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கியிருப்பாள். கதவைத் திறந்ததும் பிரௌனி பாய்ந்து ஓடித் தண்ணீரில் விழுந்து புரண்டது. தரணீஷ் பாயை எடுத்துப் போய் விரித்தான், சோற்றுப் பையை எடுத்துப் போனான், அதே டிக்கிதான், அந்தக் காகிதச் சுருளை அவனும் பார்த்திருப்பான், பார்க்காத மாதிரி எடுத்துப் போனான். தோப்பு வேலியோரம் ஒரு மொபெட் நின்றது. அதில் சாய்ந்துகொண்டு ராசு. கையில் மாடு கட்டுகிற கயிறு. அவள் பார்ப்பதைப் பார்த்ததும் கயிற்றை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் தலையை மட்டும் ஆட்டினான்.

"இறங்கு சுலோ. எல்லாம் எடுத்து வெச்சாச்சு, வந்து சாப்பிடு."

சாப்பிடு! சாப்பிடு என்கிறார். மறுபடியும் வயிறு நிறைய வைத்துவிட்டுத்தான் சொல்லப் போகிறார். அவளுக்கு நெஞ்செல்லாம் புளித்தது.

"பசிக்கலீங்க."

"அப்ப இறங்கி வா. ஒரு சங்கதி பேசோணும்."

"பேசுங்க."

நாச்சிமுத்து காரின் மேல் கையை வைத்துக் குனிந்தார். ஜன்னலுக்கு ஒரு சாண் வெளியிலேயே தலை நின்றுவிட்டது. உள்ளே பார்க்கிறார், வாய் திறக்கிறது, மூடுகிறது, தலை மட்டும் உள்ளே வரவில்லை. அவருக்கு மேலே மரமும் வானமும், அவளுக்கு மேலே காரின் கூரை. இறங்கு புள்ளே என்றார் மறுபடியும், சின்னக் குரலில், கெஞ்சுகிற மாதிரி. அப்போதுதான் அவளுக்கு அது பிடிபட்டது. இந்த மனுஷனால் முடியாது. அவள் இறங்கினால்தான் முடியும். அவள் காலை எடுத்து அந்த மண்ணில் வைத்தால்தான் அவருக்கு வாய் திறக்கும். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு தடவையும் அவளே இறங்கி, அவளே பாயை விரித்து, அவளே உட்கார்ந்து, சொல்லுங்க என்று முகத்தை நீட்டியிருக்கிறாள்.

"எதுன்னாலும் வீட்டுல போய்ப் பேசிக்கலாமுங்க" என்றாள்.

"அதில்ல சுலோ, வீட்டுல வெச்சு..."

"ஏனுங்க, வீட்டுல பேச முடியாத சங்கதியா?"

அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. தரணீஷ். "அம்மா, விடுங்கம்மா, பூச்சி கொஞ்சம் நடக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே சங்கிலிக்குக் கையை நீட்டினான். பூச்சி மோந்து பார்த்தது, கை யாருடையது என்று தெரிந்ததும் வாலை ஆட்டிக்கொண்டு நக்கியது. வெட்கம்கெட்ட நாய், உன்னை விற்கவந்த கையையா நக்குகிறாய் என்று சுலோச்சனாவுக்கு அதன்மேலேயே கோபம் வந்தது.

"பள்ளிக்கூடப் பையில போட்டுக் கொண்டாந்தியே கண்ணு, இப்ப எதுல போட்டுக் கொண்டுபோறே?"

அவன் கையை எடுத்துக்கொண்டான். அப்பனைப் பார்த்தான், அப்பன் ஓடையைப் பார்த்தார். கதவு சாத்திக்கொண்டது, மெதுவாக, சத்தம் வராமல். பிரௌனி வெளியே வந்து உடம்பைச் சிலிர்த்து எல்லார்மேலும் தண்ணீர் தெறித்தது, யாரும் சிரிக்கவில்லை. ராசு மொபெட்டை மிதித்துக் கிளப்பி, மோட்டார் ஓடுதான்னு பாத்துட்டு வந்தர்றனுங்க என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தோப்புக்குள் போனான், திரும்பி வரவில்லை. அப்பனும் மகனும் பாயில் எதிரெதிராக உட்கார்ந்து எலுமிச்சைச் சோற்றைத் தின்றார்கள். வறுவலில் உப்புப் போட்டோமா என்று அவளுக்கு ஒரு நிமிஷம் கவலை வந்தது. அந்தக் கவலை வந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது ஒருவரும் ஏசி போடச் சொல்லவில்லை. ஆழியாற்றில் இறங்காமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்பா சாகாமல் இருந்திருக்கப் போவதில்லை, அது தெரியும். ஆனால் அந்தச் சோறு உள்ளே போயிருக்காது. பசித்த வயிற்றோடு போய் அப்பா காலில் விழுந்திருப்பாள். பேரூரில் இறங்காமல் இருந்திருந்தால் மறுநாள் அந்த மயில்களைத் திருத்திப் பிள்ளைகள் கையில் கொடுத்திருப்பாள். இவ்வளவுதானா, இவ்வளவு சின்னதா இது, ஒரு கதவைத் திறக்காமல் இருப்பதா? இதை ஒருத்தரும் சொல்லித்தரவில்லையே என்று ஆத்திரப்பட்டாள். யார்மேல் என்று தெரியவில்லை, முன்சீட்டில் தெரிந்த அந்தப் பவுடர் பூசிய கழுத்தின்மேல் அது போய் விழுந்தது. சேலை காய்ந்து தொடையில் விறைத்துக்கொண்டு ஒட்டியது, பூச்சி குறட்டை விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவள் சேலை மாற்றப் போகவில்லை. பூச்சியைத் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்து நடுவில் இறக்கிவிட்டு, சோபாவில், நேரே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாள். தரணீஷ் படியேறி மாடிக்குப் போய்விட்டான். நாச்சிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து நின்றார்.

"இப்பச் சொல்லுங்க" என்றாள். "என்னமோ சங்கதின்னீங்களே."

அவர் கண் தானாக மேலே போனது. புதுக் கூரை, வெள்ளை வெளேரென்று, சின்னச் சின்ன விளக்குகள் எல்லாம் கீழே பார்த்துக்கொண்டு. தொண்டையைக் கனைத்தார். "பொறவு பேசலாம்" என்றார்.

"பொறவு எப்பங்க? நான் இங்கதான் இருக்கறேன். இனிமே எங்கயும் இறங்கறதா இல்ல."

பூச்சி அந்த வழுக்குகிற டைல்ஸில் தடுமாறி இரண்டடி நடந்து, நின்று, பின்னங்காலைக் கொஞ்சம் தாழ்த்தியது. போனது. மஞ்சளாக ஒரு ஓடை மாதிரிப் புறப்பட்டு, டைல்ஸ் இடுக்கு வழியாக வளைந்து அவர் காலை நோக்கி வந்தது. அவர் பின்னால் நகர்ந்தார். அவர் முகத்தில் அந்தச் சங்கதி முழுசாக வந்து நின்றது, உதடுவரைக்கும் வந்துவிட்டது, இதுக்குத்தான், இதுக்குத்தான் சொல்றேன் என்கிற மாதிரி. கண் மறுபடியும் மேலே போயிற்று. வாயை மூடிக்கொண்டார். பிறகு வழக்கம்போல அவளைப் பார்த்தார், எழுந்து துடைப்பாள் என்று. அவள் எழுந்திருக்கவில்லை.

"துணி பின்னாடி பொடக்காலில காயுதுங்க" என்றாள். "அப்படியே டிக்கில இருக்கற பூச்சியோட தட்டையும் எடுத்துட்டு வந்துருங்க, அதுக்குச் சோறு போடோணும். கழுவ வேண்டாம். நீங்க நல்லாத்தான் கழுவியிருக்கறீங்க."